சின்ன விமானத்துக் கேப்டன்

டீ வருவதற்குள் ஒரு சின்ன வேலை செய்வோம். தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து, மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சேலம் விமான நிலையத்துக்கு ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுப்போம். சேலம் நிலையம் சேலத்துக்குள் இல்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. கோட்டின் நீளம் சுமார் 265 கிலோமீட்டர் வரும். அதன் நடுப்பகுதி எங்கே விழுகிறது என்று பார்த்தால், நம் திருவண்ணாமலைக்கு வடக்கே கொஞ்சம் தள்ளி விழுகிறது. விமான நிலையமே இல்லாத ஊர்தான் நம்முடையது. ஆனால் சென்னை - சேலம் விமானத்துக்கு நாம்தான் பாதி வழி.

தரையிலிருந்து வழிகாட்டுகிறவர்கள் சொல்வதைப் பொறுத்து நிஜப் பாதை கொஞ்சம் அப்படி இப்படி விலகும். அது போகட்டும். அந்த வழியில் 2018 மார்ச்சிலிருந்து ட்ரூஜெட் என்ற நிறுவனம் ஓட்டியது, பிறகு நின்றது. 2023 அக்டோபரிலிருந்து இண்டிகோ ஓட்டுகிறது. இரண்டுமே ஏடிஆர் 72 என்ற வகை விமானம்தான். இறக்கை மேலே இருக்கும். இரண்டு பக்கமும் ஆறு இதழ் கொண்ட பெரிய விசிறி சுழலும். ஹைதராபாத்திலிருந்து புதுச்சேரியில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து நம் கோயிலுக்கு வருகிறவர்களில் சிலரும் இதே வகையில்தான் வருகிறார்கள். வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பிளேன்ல வந்தோம்" என்று சொல்லிவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கி, "சின்ன பிளேன்தான், ஃபேன் வெச்சது" என்பார்கள்.

அந்த இறங்குகிற குரலைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. பயணியின் குரல் இறங்கினால் பரவாயில்லை. அதை ஓட்டுகிறவருக்கும் அதே குரல் காத்திருக்கிறது. பெண் பார்க்கிற வீட்டில், "மாப்பிள்ளை பைலட்" என்றதும் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். "எந்த ஃபிளைட்?" என்று ஒருவர் கேட்கிறார். "ஏடிஆர்." "அப்படின்னா?" விளக்கியதும், "ஓ, பெரிய பிளேன் எப்போ ஓட்டுவாரு?" என்று ஒரு கேள்வி வரும். விவரம் தெரியாதவர்கள் கேட்டால் சிரித்துக்கொள்ளலாம். சக விமானிகளே கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம்: "ஜெட்டுக்கு எப்போ போறே?"

கேள்விக்குள் ஒரு தப்பான எண்ணம் உட்கார்ந்திருக்கிறது. படித்தவர், படிக்காதவர், விமானத்தில் போனவர், போகாதவர் என்று எல்லோருக்கும் பொதுவான எண்ணம் அது: சின்ன விமானம் ஓட்டுகிறவர் சின்ன விமானி. திறமை போதாதவருக்குச் சின்னது, தேறியவருக்குப் பெரியது. இது எங்கிருந்து வந்தது, எவ்வளவு உண்மை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உரிமம். இந்தியாவில் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமானால் டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், தருகிற வணிக விமானி உரிமம் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானத்தின் தலைவராக, கேப்டனாக, இடது பக்க நாற்காலியில் உட்கார இன்னொரு பெரிய உரிமம். அதற்கு 1500 மணி நேரம். இந்த எண்களில் சின்ன விமானத்துக்கு ஒன்று, பெரிய விமானத்துக்கு ஒன்று என்று கிடையாது. ஏடிஆர் கேப்டனிடமும் லண்டன் போகிற போயிங் கேப்டனிடமும் இருப்பது ஒரே உரிமம். மருத்துவப் பரிசோதனையும் ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே பொருத்திய போலி விமான அறையில், உட்கார வைத்து ஒரு இன்ஜினை அணைத்துச் சோதிப்பதும் ஒன்றுதான். தோளில் இருக்கிற பட்டையும் இருவருக்கும் நான்கு.

வேறுபடுவது "ரேட்டிங்" மட்டும். இன்ன வகை விமானத்தை ஓட்டத் தகுதி பெற்றவர் என்று உரிமத்தில் எழுதித் தரும் சான்று அது. ஏர்பஸ் ரேட்டிங் இருப்பவர் நாளை காலை வந்து ஏடிஆரை எடுக்க முடியாது; ஏடிஆர்காரரும் ஏர்பஸ்ஸை எடுக்க முடியாது. இந்த இரண்டாவது வாக்கியம் எல்லோருக்கும் தெரியும். முதல் வாக்கியத்தைச் சொன்னால்தான் புருவம் உயர்கிறது.

அடுத்தது அந்த விசிறி. விசிறி என்றாலே பழையது, கறுப்பு வெள்ளைப் படத்தில் வருவது என்று ஒரு நினைப்பு. ஏடிஆரின் இரண்டு பக்க இறக்கையிலும் நீண்டிருக்கிற அந்த உறைக்குள் இருப்பது ஜெட் இன்ஜினின் நெருங்கிய உறவுதான். காற்றை உள்ளே இழுத்து, அழுத்தி, எரிபொருளோடு எரித்து, அந்தச் சூடான காற்றால் சக்கரங்களைச் சுழற்றுகிற டர்பைன். பெரிய ஜெட்டில் அந்தச் சக்தி முன்னால் இருக்கிற மூடிய விசிறியைச் சுற்றுகிறது. இங்கே கியர் பெட்டி வழியாக வெளியே இருக்கிற திறந்த விசிறியைச் சுற்றுகிறது. அதனால்தான் பெயர் டர்போபிராப். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துக்குள், இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு, இதைவிடச் சிக்கனமாக ஆளைத் தூக்கிப்போக வேறு நல்ல வழி கிடையாது. சேலம் போக ஜெட்டை எடுத்தால் மேலே ஏறி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும், எரிபொருள்தான் தண்டம்.

விசிறியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அடுத்த முறை ஏடிஆரில் ஏறினால் கவனியுங்கள். ஏறுவது பின்வாசல் வழியாக, பெட்டிகள் முன்பக்கம். ஏறும்போது வலது இன்ஜினிலிருந்து சத்தம் வந்துகொண்டிருக்கும், ஆனால் அந்தப் பக்க விசிறி அசையாமல் நிற்கும். கோளாறு என்று பதற வேண்டாம். பெரிய விமானங்களின் வாலில் மின்சாரத்துக்காகவும் ஏசிக்காகவும் ஒரு குட்டி இன்ஜின் இருக்கும். ஏடிஆரில் அது இல்லை. அதனால் வலது விசிறிக்குப் பிரேக் போட்டுப் பிடித்து நிறுத்தி, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் "ஹோட்டல் மோடு". பெயர் வைத்தவர் பசியோடு இருந்திருப்பாரோ என்னவோ.

சரி, உரிமம் ஒன்று, இன்ஜின் உறவு. பிறகு எப்படி மேல், கீழ் வந்தது?

அதற்குச் சம்பளப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். 1930களில் அமெரிக்காவில் விமானிகளுக்கும் நிறுவனங்களுக்கும் பெரிய தகராறு. மணிக்கணக்கில் கூலியா, மைல் கணக்கில் கூலியா என்பது கேள்வி. 1934இல் வந்த தீர்ப்பு விமானத்தின் வேகத்தையும் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டது. பின்னால் எடையும் சேர்ந்துகொண்டது. அதில் ஒரு நியாயம் உண்டு. வேகமான, கனமான விமானம் அதே ஒரு மணி நேரத்தில் அதிகப் பயணிகளை அதிகத் தூரம் கொண்டுபோகிறது. முதலாளிக்கு அதிக வருமானம். அதில் விமானிக்கும் பங்கு. கணக்கு வருமானத்தைப் பற்றியது. திறமையை யாரும் அளக்கவில்லை. ஆனால் சம்பளம் கூடினால் மரியாதையும் பின்னாலேயே வந்து நிற்பது உலக வழக்கம்.

நம் நாட்டில் இதே ஏணி இந்தியன் ஏர்லைன்ஸ் காலத்தில் வந்தது. புதிதாகச் சேர்கிறவர் ஆவ்ரோவிலோ ஃபாக்கர் ஃபிரண்ட்ஷிப்பிலோ துணை விமானியாக உட்காருவார். இரண்டும் விசிறி விமானங்கள். ஆவ்ரோ கான்பூரிலேயே தயாரானது. பிறகு சீனியாரிட்டி வரிசைப்படி போயிங் 737, அதற்கும் பிறகு ஏர்பஸ். வயதும் பணிக்காலமும் கூடக் கூட விமானமும் பெரிதானது. பார்க்கிறவர் கண்ணுக்கு விசிறி விமானம் என்றால் பையன், பெரிய ஜெட் என்றால் நரைத்த மீசை. இந்தப் படம் அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது. அரசியலுக்கு வருவதற்கு முன் ராஜீவ் காந்தி ஓட்டியதும் அந்த ஆவ்ரோதான். 1985இல் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பசினும் சேர்ந்து, ஓட்டுகிறவர் இருவரும் பெண்களாக, கொல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் போனதும் ஃபாக்கர் ஃபிரண்ட்ஷிப்பில்தான். வரலாறு படைத்தபோதும் ஏணியில் அது கீழ்ப்படியாகவே இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளியே போக வேண்டியதில்லை. போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை இழுத்து ஒடித்து, எதிரே வருகிற லாரிக்கு வழிவிட்டு, மழையில் சறுக்காமல், நாளைக்கு எத்தனையோ முறை நிறுத்தி எடுக்கிறார். சென்னைக்கு நான்குவழிச் சாலையில் போகிற ஏசி பஸ்ஸின் ஓட்டுநர் சீராக மிதித்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் போகிறார். இரண்டும் கஷ்டம்தான், கஷ்டத்தின் வகை வேறு. டெப்போவில் யாருக்குப் பெருமை என்று கேட்டால், பளபளப்பான வண்டியைத்தான் காட்டுவார்கள். மலைக்கு யாரை அனுப்பலாம் என்று கேட்டால் வேறு ஒரு பெயர் வரும்.

இப்போது நாம் போட்ட கோட்டுக்கே திரும்பி, விமானி அறைக்குள் எட்டிப்பார்ப்போம். சென்னையில் கிளம்பி இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கிறது. விமானம் திருவண்ணாமலைப் பக்கம் வந்துவிட்டது. பின்னால் பயணிகள் அப்போதுதான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார்கள். முன்னால் இருவரும் ஏறி முடித்த கையோடு இறங்குகிற பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள்: சேலத்தில் காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு தாழ்வு, எந்த முனையிலிருந்து இறங்குவது, முடியாமல்போனால் எங்கே திரும்புவது. நீண்டதூர விமானத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவே எட்டு மணி, பத்து மணி நேரம் இருக்கும். சாப்பிடலாம், முறைவைத்துத் தூங்கலாம். இங்கே அந்த நடுப்பகுதி என்று ஒன்று இருப்பதே சந்தேகம். விமானப் பயணத்தில் வேலை கனப்பது முதல் பத்து நிமிடத்திலும் கடைசிப் பதினைந்து நிமிடத்திலும்தான். ஏடிஆர்காரருக்கு அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன.

அப்படி ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் சேர்ந்ததை அவர்கள் "செக்டர்" என்கிறார்கள். ஏடிஆரில் ஒரு பணிநாளில் நான்கு செக்டர் சாதாரணம். சில நாள் ஆறு. இதன் பக்கத்தில் ஒரு விதியை வைத்துப் பாருங்கள். பயணிகளோடு ஓட்ட வேண்டுமானால் கடந்த 90 நாளில் குறைந்தது மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது உலகமெங்கும் உள்ள பொது விதி. கண்டம் தாண்டிப் போகிற பெரிய விமானத்தில் மூன்று, நான்கு விமானிகள் இருப்பார்கள். இறக்குவது அவர்களில் ஒருவர்தான். ஆகவே மூன்று மாதத்தில் அந்த மூன்று தரையிறக்கம் அமையாமல், சிமுலேட்டருக்குப் போய்க் கணக்கைச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. ஏடிஆர்காரருக்கு அந்தக் கணக்கு இரண்டு மூன்று நாளிலேயே முடிந்துவிடும். ஜெட்காரர் கிண்டல் செய்யும்போது ஏடிஆர்காரர் எடுத்துவிடுகிற பதில்களில் இது முதன்மையானது.

இரண்டாவது பதில் கையில் இருக்கிறது. புதிய ஜெட்களில் ஆட்டோ த்ராட்டில் என்று ஒன்று உண்டு. வேகம் இவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட்டால் இன்ஜின் சக்தியை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஏடிஆரில் அது கிடையாது. ஆட்டோபைலட் இருக்கிறது, திரைகள் எல்லாம் நவீனம். ஆனால் சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் விமானியின் உள்ளங்கைதான். அதோடு, இரண்டு விசிறிகளும் ஒரே திசையில் சுழல்வதால், சக்தியைக் கூட்டினால் மூக்கு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். காலால் மிதித்து நேராக்க வேண்டும். இப்படிக் கையும் காலும் சேர்ந்து ஓட்டுவதை அவர்கள் "ஹேண்ட் ஃப்ளையிங்" என்பார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும்.

மூன்றாவது பதில் வானிலை. பெரிய ஜெட் 35,000 அடிக்கு மேலே, பெரும்பாலான மேகங்களுக்கு மேல் போகிறது. ஏடிஆரின் உச்சவரம்பே 25,000 அடி. சென்னை - சேலம் போன்ற குறுகிய வழியில் அதற்கும் வெகு கீழேயே போகும். நம் பக்கத்தில் 16,000 அடி வாக்கில் காற்று உறைநிலையைத் தொடும். ஆக, ஐப்பசி கார்த்திகை மழையில் மேகத்துக்குள் நுழைந்தால் ஆட்டமும் உண்டு, இறக்கையில் பனிக்கட்டி படிவதும் உண்டு. திருவண்ணாமலையில் வேர்த்து ஊற்றுகிற நாளில், தலைக்கு மேலே ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் ஒரு விமானம் ஐஸைத் தட்டிவிட்டுக்கொண்டு போகலாம். இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பாகத் தெரிவது ரப்பர் உறை. காற்றடித்து அதை ஊதவைத்துப் பனிக்கட்டியை உடைத்துத் தள்ளுவார்கள். 1994இல் அமெரிக்காவில் ரோஸ்லான் என்ற இடத்தில் ஒரு ஏடிஆர் பனி படிந்து விழுந்து 68 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ரப்பர் உறையை அகலப்படுத்தினார்கள்.

இனி இறக்கம். பயணியும் விமானியும் முற்றிலும் வேறு வேறு மதிப்பெண் போடுகிற இடம் இது. பயணிக்குப் பஞ்சு மாதிரி இறக்கினால் நல்ல பைலட். டொம்மென்று போட்டால் கற்றுக்குட்டி. சின்ன விமானத்தில் டொம் அடிக்கடி கேட்பதால், மேலே சொன்ன தப்பெண்ணத்துக்கு இதுவே சாட்சியாகவும் ஆகிவிடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். சென்னையின் பெரிய ஓடுபாதை 3658 மீட்டர். சேலத்தில் ஏறக்குறைய 1800. புதுச்சேரியில் 1500. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் ஏடிஆர் போகத் தொடங்கியபோது, அங்குள்ள பலாலி விமான நிலையத்தில் தயாராக இருந்தது சுமார் 1400 மீட்டர். லட்சத்தீவின் அகத்தியில் 1204 மீட்டர்தான். இரண்டு முனையிலும் கடல். ஏடிஆர் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். அதாவது ஒரு வினாடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல். மென்மையாக வைக்க வேண்டும் என்று தரைக்கு ஒரு முழம் மேலே நான்கு வினாடி மிதக்கவிட்டால், இருநூறு மீட்டர் ஓடுபாதை சும்மா பின்னால் போய்விட்டது. சென்னையில் அது ஒன்றுமில்லை. அகத்தியில் அது ஆறில் ஒரு பங்கு.

ஆகவே குறிவைத்த இடத்தில், தயங்காமல், அழுத்தமாக வைக்க வேண்டும். மழை பெய்து ஓடுபாதையில் தண்ணீர் நின்றால் இன்னும் அழுத்தமாக. அப்போதுதான் சக்கரம் தண்ணீர்ப் படலத்தின் மேல் வழுக்காமல் தரையைப் பிடிக்கும். சக்கரம் பட்டதும் விமானி கைப்பிடிகளைப் பின்னால் இழுப்பார். விசிறியின் இதழ்கள் தட்டையாகத் திரும்பிக் காற்றை எதிர்த்து நிற்கும். அந்த "ஊ" என்ற முழக்கமும் உடம்பு முன்னால் தள்ளப்படுவதும் அதனால்தான். காமலாபுரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "என்னா இப்படிப் போட்டாரு" என்று முணுமுணுக்கிறோமே, அந்தத் தரையிறக்கத்துக்குத்தான் அருகில் இருந்த துணை விமானி மனதுக்குள் சபாஷ் போட்டிருக்கலாம். நடுக்கோடு பிசகவில்லை, குறி தப்பவில்லை, பாதி ஓடுபாதையில் வேகம் அடங்கிவிட்டது. விமானிகள் ஒருவரை ஒருவர் அளப்பது இதை வைத்து.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் பார்க்காமல் விட்டால் நியாயமாகாது. வேலை கடினம் என்றால் தவறுக்கு இடமும் அதிகம் என்று அர்த்தம். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் ஒரு ஏடிஆர் தரையிறங்கும் நேரத்தில் விழுந்து 72 பேரும் இறந்தார்கள். இறக்கை மடிப்பை நீட்டுகிற கைப்பிடிக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த வேறு இரண்டு கைப்பிடிகள் நகர்த்தப்பட்டு, இரண்டு விசிறிகளும் இழுப்பதை நிறுத்திவிட்டன என்று விசாரணை சொன்னது. அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் விசிறி விமானம் விழுந்து 50 பேர் போனார்கள். விமானத்தின் மேல் எழுதியிருந்தது பெரிய நிறுவனத்தின் பெயர். உள்ளே ஓட்டியவர்கள் சிறிய நிறுவனத்தின் ஆட்கள். விசாரணையில் வட்டார விமானிகளின் சொற்பச் சம்பளமும், தூக்கமில்லாமல் ஊர்விட்டு ஊர் வந்து வேலை பார்ப்பதும் சந்திக்கு வந்தன. அதன் விளைவாக அங்கே துணை விமானிக்கும் 1500 மணி நேரம் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 250 போதும் என்றிருந்தது.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, சின்ன விமானம் என்றாலே இப்படித்தான்" என்று சொல்ல ஒருவர் வருவார். எனக்கு அதில் தெரிவது வேறு. கஷ்டமான வேலையைக் குறைந்த சம்பளத்தில், குறைந்த அனுபவம் உள்ளவரிடம் கொடுத்து, அதற்கு ஏணியின் கீழ்ப்படி என்று பெயரும் வைத்தது யார்? விமானியைச் சிறியவர் என்று நினைக்கிற பழக்கம் திருமணப் பேச்சோடு நின்றுவிடுவதில்லை. ஓய்வு நேரத்திலும் பயிற்சிச் செலவிலும் போய்க் கைவைக்கிறது.

விமானத்தின் அளவை நிர்ணயிப்பது கணக்குப்பிள்ளை என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். இண்டிகோ தன் ஏடிஆரில் 78 இருக்கை வைத்திருக்கிறது. இந்தியாவில் 80க்குக் குறைந்த இருக்கை கொண்ட உள்நாட்டு விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணத்தில் விலக்கு உண்டு. 40 டன்னுக்குக் குறைந்த எடை என்றால் எரிபொருள் வரியிலும் சலுகை உண்டு. 2016இல் அறிவித்த உடான் திட்டம், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2500 ரூபாய் என்று சில இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைத்ததும் இத்தகைய விமானங்களை நம்பித்தான். 2017 ஏப்ரலில் அதன் முதல் விமானமாக சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தது ஒரு ஏடிஆர். அதற்கு முன்னால் 2003இல் ஏர் டெக்கான் தொடங்கியதும் ஏடிஆரை வைத்துத்தான். "சூரரைப் போற்று" பார்த்தவர்களுக்கு அந்தக் கதை கொஞ்சம் தெரியும். (அந்தப் படத்துக்குத் தூண்டுதலான கேப்டன் கோபிநாத்தின் பெயரில் இருக்கிற "கேப்டன்" ராணுவக் கேப்டன், பலர் விமானக் கேப்டன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.)

கடைசியாக, அந்த "ஜெட்டுக்கு எப்போ போறே?" என்ற கேள்விக்கு வருவோம். அதைக் கேட்பவர் எப்போதும் ஏளனமாகக் கேட்பதில்லை. பயிற்சிக்கு ஐம்பது லட்சத்துக்கு மேல் செலவழித்து, கடன் வாங்கி, உரிமம் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலைகிற பையனுக்கோ பெண்ணுக்கோ பல நேரங்களில் முதலில் திறக்கிற கதவு ஏடிஆர்தான். கடனை அடைக்க வேண்டும். ஜெட்டில் சம்பளம் கூட. போகத்தான் தோன்றும்.

ஆனால் ஏடிஆரில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. "கமாண்ட்", அதாவது கேப்டன் பதவி, இங்கே சீக்கிரம் வருகிறது. முப்பது வயதைத் தாண்டுவதற்குள் இடது நாற்காலியும் நான்காவது பட்டையும் வந்துவிடலாம். வந்த பிறகு ஜெட்டுக்கு மாறினால், பெரும்பாலும் திரும்பவும் வலது நாற்காலி. நான்கு பட்டையைக் கழற்றிவிட்டு மூன்று பட்டையைக் குத்திக்கொள்ள வேண்டும். நேற்றுவரை முடிவெடுத்தவர், இன்று வேறொருவர் முடிவுக்குக் குரல் கொடுக்கிறவர். சம்பளச் சீட்டில் ஏற்றம், தோளில் இறக்கம். வெளியில் இருப்பவர் பதவி உயர்வு என்று வாழ்த்துகிற அந்த வாரத்தில், ஒரு கேப்டன் தன் சட்டையிலிருந்து ஒரு தங்கக் கோட்டை எடுத்து அலமாரிக்குள் வைக்கிறார்.

சிலர் போவதில்லை. ராத்திரி வீட்டில் தூங்கலாம், பிள்ளை பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குப் போகலாம் என்பது ஒரு காரணம். கையால் ஓட்டுகிற ருசி இன்னொன்று. ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்கு லோகன் ஏர் ஒரு விமானம் விடுகிறது. தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. நேரம் இரண்டு நிமிடம். உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் அது. அந்த வழியில் ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற கேப்டன் 12,000 முறைக்கு மேல் ஓட்டிவிட்டு, 2013இல் ஓய்வு பெற்றார். எட்டுப் பத்து பேர் உட்காரும் விமானம். நடந்தே போகலாம் போலத் தோன்றும் தூரம். காற்று மட்டும் அட்லாண்டிக் கடலின் காற்று. அங்கேயும் யாராவது அவரிடம் பெரிய விமானம் எப்போது என்று கேட்டிருப்பார்கள்தான்.